மின்சாரம் வந்தது, பாட்டு வரவில்லை

சொந்தமாக மீடியா சர்வர் வைத்திருப்பது பெருமைதான். ஆனால் கரண்ட் போய் வந்த பிறகு அது தானாகக் கண் விழிக்கிறதா என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

மே மாத மாலை. தில்லி மயூர் விஹாரில் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட். நாற்பது நிமிடம் காணாமல் போயிருந்த மின்சாரம் திரும்பி வருகிறது. மின்விசிறி சுழல்கிறது. ஃப்ரிட்ஜ் ஒரு உறுமலுடன் வேலையைத் தொடர்கிறது. இன்டர்நெட் பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறுகின்றன. ஹாலில் பேத்தி ரிமோட்டை அழுத்துகிறாள். டி.வி. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு, சர்வருடன் தொடர்பு கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு.

"தாத்தா, பாட்டி பாட்டு வரலை!"

தாத்தா எழுந்து பின்னறைக்குப் போகிறார். மானிட்டரைப் போட்டு, பாஸ்வேர்டை அடித்து உள்ளே நுழைந்து, கறுப்புத் திரையில் வழக்கமான அந்த ஒரு வரியை டைப் செய்கிறார். ஐந்து நிமிடத்தில், இறந்துபோன மனைவி 1994ல் மகள் கல்யாணத்தில் பாடிய பாட்டு ஹாலில் கேட்கிறது. சரி, தாத்தா அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால்? பாட்டு இல்லை.

காட்சி கற்பனைதான். ஆனால் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு வீட்டுக்கு ஒரு மீடியா சர்வர் அமைத்த யாருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. நிறுவுவதற்கு அரை நாள் செலவழிப்பவர்கள், மறுபடி எழுந்திருக்கச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. தினமும் எஜமானர் வந்து எழுப்ப வேண்டிய சர்வர், பொழுதுபோக்கு. தானாக எழுந்திருப்பது மட்டுமே வீட்டுச் சாமான்.

மீடியா சர்வர் என்பது அப்படியொன்றும் பெரிய சமாச்சாரம் அல்ல. வீட்டு மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் ஹார்ட் டிஸ்க்கில் படங்கள், பாட்டுகள், குடும்ப வீடியோக்கள். டி.வி.யோ செல்போனோ கேட்டால் எடுத்துக்கொடுக்க ஒரு மென்பொருள். டி.வி.க்குப் புரியாத வடிவத்தில் ஃபைல் இருந்தால், ஓடும்போதே மாற்றியும் கொடுக்கும். இந்தத் துறையில் மூன்று பெயர்கள் பிரபலம்: ப்ளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின்.

மூன்றுக்குள்ளும் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்ட எக்ஸ்.பி.எம்.சி. (2014லிருந்து இதன் பெயர் கோடி) என்ற இலவச மென்பொருளிலிருந்து 2008ல் கிளைத்தது ப்ளெக்ஸ். எம்பி தனியாக வளர்ந்தது; 2018 டிசம்பரில் தன் மூல நிரலை வெளியாருக்குக் காட்டுவதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டது. கோபித்துக்கொண்ட சிலர், அதற்கு முன் திறந்த நிலையில் இருந்த 3.5.2 பதிப்பை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அதுதான் ஜெல்லிஃபின். சந்தா இல்லை, எந்தக் கம்பெனியிடமும் கணக்குத் திறக்க வேண்டாம்.

மாதச் சந்தாவுக்கு ஆயிரம் சினிமா கிடைக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு? காரணம், சந்தா கட்டுகிறவர் எதற்கும் சொந்தக்காரர் அல்ல. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை விலை கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. உரிமை இல்லாதவர் விற்ற பிரதி என்பது காரணம். பணம் திரும்பக் கிடைத்தது. புத்தகம் கருவியிலிருந்து போய்விட்டது. இந்தியாவிலேயே 2024 ஜனவரியில் ரெஸ்ஸோ பாட்டுச் சேவை மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. அங்கே பொறுக்கிச் சேர்த்த பட்டியல்கள் அந்தந்த வாசலோடு நின்றன. சொந்த சர்வரிலும் கம்பெனியின் கை நீளக்கூடும்: 2025 ஏப்ரலில் ப்ளெக்ஸ் தன் ஆயுள் சந்தாவை 120 டாலரிலிருந்து 250 டாலராக உயர்த்தியது. வெளியூரிலிருந்து வீட்டு சர்வரைப் பார்ப்பதற்கும் கட்டணம் என்றது.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. 1994 கல்யாண வீடியோ எந்தச் சந்தாச் சேவையிலும் கிடைக்காது. வி.சி.ஆர். காலத்து நாடாக்கள் வருடா வருடம் மங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஃபைலாக மாற்றியவர்களுக்குக் கையில் இருப்பது உலகத்திலேயே ஒரே பிரதி. (தெருவில் வாங்கிய திருட்டுப் படத்தைச் சொந்த சர்வரில் போட்டால் அது சட்டப்படியான படம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும்.)

குடும்பத் தலைவர் எண் 1

சர்வர் ஏன் தானாக எழுவதில்லை என்று புரிய, லினக்ஸ் எப்படிக் கண் விழிக்கிறது என்று பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் சிறு நிரல் விழிக்கிறது; அது பூட் லோடரை எழுப்புகிறது; பூட் லோடர், லினக்ஸின் இதயமான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் எழுதத் தொடங்கியது இந்தக் கெர்னலைத்தான். கெர்னல் தன் கையால் ஒரே ஒரு பயனர் நிரலைத்தான் தொடங்கிவைக்கும். அதன் எண் 1. மற்ற எல்லா நிரல்களும் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கூட்டுக் குடும்பத் தலைவர் மாதிரி: யார் எப்போது எழ வேண்டும், யார் யாருக்குக் காத்திருக்க வேண்டும், யார் விழுந்தால் தூக்கிவிட வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

நீண்ட காலம் அந்தப் பதவியில் இருந்தது, யூனிக்ஸ் வழிவந்த 'இனிட்'. வரிசை எண் போட்ட ஸ்கிரிப்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். முன்னால் நிற்பவர் தாமதித்தால் பின்னால் எல்லோரும் காத்திருக்க வேண்டும், ரேஷன் க்யூ போல. 2006ல் உபுன்டு 'அப்ஸ்டார்ட்' என்ற மாற்றைக் கொண்டுவந்தது. 2010ல் லென்னார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் 'சிஸ்டம்-டி'யை அறிமுகப்படுத்தினார்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்குவது, காத்திருக்க வேண்டியவற்றை மட்டும் காக்கவைப்பது என்பது இதன் வழி. 2011ல் ஃபெடோரா இதை ஏற்றது.

ஒரே நிரலுக்கு இவ்வளவு அதிகாரமா என்று பழைய யூனிக்ஸ்காரர்கள் கொதித்தார்கள். 2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு வாக்களித்தபோது நான்குக்கு நான்கு என்று நின்றது. தலைவர் பிடேல் கார்பீயின் முடிவு வாக்கால்தான் சிஸ்டம்-டி ஜெயித்தது. தோற்ற தரப்பினர் சிலர் 'தேவுவான்' என்று தனியாகப் பிரிந்தார்கள். 2015 ஏப்ரலில் உபுன்டுவும் டெபியனும் ஒரு சில நாள் இடைவெளியில் புதிய தலைவரோடு வெளிவந்தன. வீட்டு சர்வருக்கு இதில் உள்ள லாபம்: இன்று பரவலாகப் புழங்கும் லினக்ஸ் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வித்தை போதும்.

இன்று மட்டுமா, என்றைக்குமா?

வித்தையின் சாரம் இரண்டு சொற்களில் இருக்கிறது: 'ஸ்டார்ட்', 'எனேபிள்'. சிஸ்டம்-டியிடம் பேசப் பயன்படும் கட்டளையின் பெயர் 'சிஸ்டம்சிடிஎல்'. அதோடு 'ஸ்டார்ட்' என்று சொல்லி ஜெல்லிஃபின் பெயரைக் கொடுத்தால் சர்வர் இந்தக் கணம் ஓடத் தொடங்கும். கரண்ட் போனால் அந்த உத்தரவும் போயிற்று. 'எனேபிள்' என்று சொன்னால், கம்ப்யூட்டர் விழிக்கும்போதெல்லாம் எழுப்ப வேண்டியவர்களின் பட்டியலில் பெயர் சேரும். ஆனால் இந்தக் கணம் எதுவும் ஓடாது. ஒன்று இன்றைய கூலிக்கு ஆள் வைப்பது. மற்றது வேலையை நிரந்தரமாக்குவது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய 'எனேபிள்' கட்டளையோடு 'நவ்' என்ற துணைச்சொல்லைச் சேர்த்தால் போதும்.

அந்தப் 'பட்டியல்' என்பதும் மந்திரம் அல்ல. 'மல்டி-யூசர் டார்கெட்' என்று ஒரு கட்டம் உண்டு: கம்ப்யூட்டர் முழுதாக எழுந்து வேலைக்குத் தயாரான நிலை. அந்தக் கட்டத்தின் பெயரில் உள்ள ஒரு டைரக்டரியில், சர்வரின் யூனிட் ஃபைலைச் சுட்டிக்காட்டும் ஓர் இணைப்பைப் போட்டு வைக்கிறது 'எனேபிள்'. அவ்வளவுதான்.

யூனிட் ஃபைல் என்பது சர்வரின் ஜாதகம். சாதாரண எழுத்து ஃபைல், மூன்று பகுதிகள். முதல் பகுதி, இது என்ன, எதற்குப் பிறகு எழ வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது, எந்த நிரலை ஓட்டுவது, யார் பெயரில் ஓட்டுவது, விழுந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்கிறது. மூன்றாவது, எந்தக் கட்டத்தின் பட்டியலில் சேர்ப்பது. டெபியனுக்கும் உபுன்டுவுக்குமான ஜெல்லிஃபின் தொகுப்பை முறைப்படி நிறுவினால் இந்த ஃபைலும் கூடவே வந்துவிடும். பட்டியலிலும் பெயர் ஏறிவிடும். மாற்ற வேண்டியிருந்தால் அந்த ஃபைலிலேயே கை வைப்பது தவறு: அடுத்த அப்டேட் வந்து அழித்துவிடும். 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்ற கட்டளை திருத்தங்களைத் தனி ஃபைலில் எழுதி வைக்கிறது, அவை பிழைக்கும்.

மாட்டிக்கொள்கிறவர்கள் மூன்று ரகம். முதல் ரகம், சுருக்கப்பட்ட ஃபைலை விரித்துக் கையாலேயே ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு யூனிட் ஃபைலே இல்லை, தாங்களே எழுத வேண்டும். இரண்டாவது ரகம், டெஸ்க்டாப்பில் இருக்கும் 'ஸ்டார்ட்-அப்' பட்டியலில் சர்வரைச் சேர்ப்பவர்கள். அது வேலை செய்வது போலத் தோன்றும். ஆனால் யாராவது பாஸ்வேர்டு அடித்து உள்ளே நுழைந்தால்தான் அந்தப் பட்டியல் உயிர் பெறும். மயூர் விஹார் தாத்தாவின் பிரச்சினையும் ஏறக்குறைய இதுதான். மூன்றாவது ரகம், டாக்கர் பெட்டிக்குள் சர்வரை வைப்பவர்கள். அவர்கள் பெட்டிக்கு 'அன்லெஸ்-ஸ்டாப்டு' என்ற விதியையும், டாக்கருக்கே 'எனேபிள்' கட்டளையையும் கொடுத்திருக்க வேண்டும்.

பெட்டி விழித்தது, டிஸ்க் விழிக்கவில்லை

இதோடு முடிந்தது என்று நினைத்தால் இன்னொரு குழி காத்திருக்கிறது. படங்கள் இருப்பது பெரும்பாலும் யு.எஸ்.பி.யில் செருகிய வெளி டிஸ்க்கில். டெஸ்க்டாப்பில் உள்ளே நுழைந்தவுடன் லினக்ஸ் அதைத் தானாக இணைத்துக் காட்டும். ஆகவே, எப்போதும் இணைந்தே இருக்கிறது என்று மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். யாரும் உள்ளே நுழையாத கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க் வெறும் இரும்பு. விளைவு விசித்திரமானது: சர்வர் ஒழுங்காக எழுந்திருக்கிறது, டி.வி.யிலும் தெரிகிறது, ஆனால் அலமாரி காலி. காலி டைரக்டரியைப் பார்த்த சர்வர், படங்கள் அழிந்துவிட்டன என்று முடிவுகட்டிப் பட்டியலைச் சுருக்கிவிடவும் கூடும். ஃபைல்கள் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிமிடத்தில் அதை நம்புவது கஷ்டம்.

மருந்து, 'எஃப்-ஸ்டாப்' என்ற பழைய ஃபைலில் இருக்கிறது. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று லினக்ஸ் விழிக்கும்போதே பார்த்துக்கொள்ளும் பதிவேடு அது. இதில் டிஸ்க்கை எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற செல்லப் பெயரால் குறிப்பது ஆபத்து. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கேற்ப அந்தப் பெயர்கள் இடம் மாறும். மாறாத அடையாளமான யு.யு.ஐ.டி. எண்ணைத்தான் எழுத வேண்டும். 'நோ-ஃபெயில்' என்ற சொல்லும் கட்டாயம்: அது இல்லாமல், யாரோ டிஸ்க்கைக் கழற்றிய நாளில் கம்ப்யூட்டர் 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும்.

பிறகு சர்வரின் யூனிட் ஃபைலில் ஒரு வரி: 'ரிக்வயர்ஸ்-மவுன்ட்ஸ்-ஃபார்', பக்கத்தில் டிஸ்க் இணையும் இடத்தின் முகவரி. பொருள்: அந்த டிஸ்க் வந்து சேரும்வரை சர்வர் எழக் கூடாது, வரவே இல்லையென்றால் எழவே வேண்டாம். காலி அலமாரியைக் காட்டும் சர்வரைவிடக் கடையைத் திறக்காத சர்வர் மேல்.

மூன்றாவது குழி, அனுமதி. ஜெல்லிஃபின் தன் சொந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது, வீட்டுக்காரர் பெயரில் அல்ல. பாதுகாப்புக்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் உபுன்டு 21.04 பதிப்பிலிருந்து (2021) புதிதாக உருவாகும் வீட்டு டைரக்டரிகள் பிறர் கண்ணுக்கு மூடியிருக்கும். அங்கே வைத்த வீடியோவை சர்வர் எட்டிப் பார்க்க முடியாது. படங்களுக்குப் பொதுவான தனி இடம் ஒதுக்கி, படிக்கும் உரிமையைக் கொடுத்துவிடுவது உத்தமம். விண்டோஸ் முறையில் அமைத்த டிஸ்க்கும் தகராறு செய்யும்: திடீரென்று கரண்ட் போன பிறகு, 'சரியாக மூடப்படவில்லை' என்று லினக்ஸ் அதை ஏற்க மறுக்கக்கூடும். சர்வருக்கே என்று வாங்கிய டிஸ்க்கை லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4 முறையில் அமைப்பது புத்திசாலித்தனம்.

விழுந்தால் எழ வேண்டும்

2012 ஜூலை 30, 31 தேதிகளில் நாட்டின் மின் தொகுப்புகள் அடுத்தடுத்துச் சரிந்தபோது, இரண்டாம் நாளில் மட்டும் 60 கோடிக்கும் அதிகமான மக்கள் இருளில் மூழ்கினார்கள். அத்தனை பெரிய கூத்து அபூர்வம். அரை மணி நேர வெட்டு அபூர்வம் அல்ல. இந்திய வீட்டு சர்வரின் முதல் எதிரி வைரஸ் அல்ல, டிரான்ஸ்ஃபார்மர்.

இங்கே லினக்ஸால் ஆகாத வேலை ஒன்று உண்டு. பெரும்பாலான டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள், போன கரண்ட் திரும்பியதும் யாராவது பொத்தானை அழுத்தக் காத்திருக்கும். பயாஸ் அமைப்புக்குள் போய், மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கு என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் மற்ற எல்லா ஏற்பாடுகளுக்கும் அர்த்தம். பழைய லேப்டாப்பை சர்வராக்கினால் பேட்டரியே யு.பி.எஸ். ஆகிவிடும். அதிலும் ஒரு சூழ்ச்சி: தனி அடாப்டரில் ஓடும் வெளி டிஸ்க்குக்கு அந்தப் பேட்டரி உதவாது. லேப்டாப் விழித்திருக்க, டிஸ்க் மட்டும் பாதியில் விழும். அதற்கும் சிறு யு.பி.எஸ். தேவை.

கரண்ட் போகாமலேயே சர்வர் சில சமயம் மயங்கி விழும். யூனிட் ஃபைலில் 'ரீஸ்டார்ட்' என்ற வரிக்கு எதிரே 'ஆன்-ஃபெயிலியர்' என்றிருந்தால் சிஸ்டம்-டி தூக்கிவிடும். ஆனால் குடும்பத் தலைவரின் பொறுமைக்கும் எல்லை உண்டு. வழக்கமான அமைப்பில், பத்து விநாடிக்குள் ஐந்து தடவைக்கு மேல் எழுப்ப வேண்டியிருந்தால் கைவிட்டுவிடுவார். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் பத்து விநாடி இடைவெளி என்று 'ரீஸ்டார்ட்-செக்' வரியில் எழுதினால் அந்த எல்லைக்குப் போக வேண்டியதில்லை.

கடைசியாக, முகவரி. வீட்டு ரவுட்டர் மறுபடி உயிர் பெறும்போது சர்வருக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டால், டி.வி. பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கென்று ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும்.

தாத்தா இல்லாத பரீட்சை

இவ்வளவும் செய்தவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பரீட்சை. சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பது பரீட்சை அல்ல. முழுக் கம்ப்யூட்டரையும் ரீபூட் செய்ய வேண்டும். பிறகு கீ-போர்டைத் தொடக் கூடாது, பாஸ்வேர்டு அடிக்கக் கூடாது. மானிட்டரைக் கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஹாலுக்குப் போய் மூன்று நிமிடம் கழித்து டி.வி.யைப் போட வேண்டும். படம் வந்தால் பாஸ். வராவிட்டால், 'ஜர்னல்சிடிஎல்' என்ற கட்டளையில் சர்வரின் பெயரைக் கொடுத்தால் கடந்த சில நிமிடங்களின் டயரி கிடைக்கும். டிஸ்க் வரவில்லையா, அனுமதி இல்லையா, நிரலே காணவில்லையா என்று அது ஒளிவு மறைவில்லாமல் சொல்லும். அடுத்த பரீட்சை: ஒழுங்காக மூடிய பிறகு ப்ளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டுச் செருகிப் பார்ப்பது. பொத்தானை அழுத்தாமலே பெட்டி எழுகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

கூடவே ஒரு பழைய கால ஏற்பாடு: நாற்பது பக்க நோட்டு. டிஸ்க் எங்கே இணைகிறது, ரவுட்டர் ஒதுக்கிய எண் என்ன, உள்ளே நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் என்ன, இரண்டாவது பிரதி எந்த அலமாரியில். இரண்டாவது பிரதி இருந்தே ஆக வேண்டும்: சர்வர் தானாக எழும், செத்த டிஸ்க் எழாது. வீட்டில் எல்லோரும் வாசிக்கும் மொழியில், பேத்திக்குப் புரியும்படி எழுதி, பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். வீட்டுப் பத்திரம், எல்.ஐ.சி. ரசீதுகளுக்குக் கொடுக்கும் மரியாதை 1994 நாடாவுக்கும் உண்டு.

மறுபடியும் அந்த மூன்றாம் மாடி ஃப்ளாட். மறுபடியும் மே மாத இருட்டு. தாத்தா ஊரில் இல்லை. நாற்பது நிமிடம் கழித்து மின்விசிறி சுழல்கிறது, ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, பின்னறையில் யாரும் தொடாத பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. டிஸ்க் சுழல ஆரம்பிக்கிறது. சர்வர் அதற்காகக் காத்திருந்து எழுகிறது. பேத்தி ரிமோட்டை அழுத்துகிறாள். வட்டம் இரண்டு முறை சுற்றிவிட்டு நிற்கிறது.

பாட்டி பாடத் தொடங்குகிறாள். கரண்ட் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.